குருதி நாள்

அன்று குருதி நாள் என்பதால் நெடுங்குகையில் யாரும் காலை உணவைத் தொடவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் தலைவாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மைய வழியின் சுவரில் இருந்த துளைகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகத் துளைக்குள் முழங்கை வரை கையை விட்டார்கள். உள்ளே ஏதோ ஈரமாகத் தடவும். கொசு கடித்தாற்போல ஒரு சுருக். கையை எடுத்துவிட்டுச் சற்றே காத்திருந்தால் சுவர் ஓர் எண்ணைச் சொல்லும். அதே எண் அவரவர் சட்டைக் காலரில் பச்சை நிறத்தில் எரியத் தொடங்கும். அடுத்த குருதி நாள் வரை முப்பது நாளும் எரிந்துகொண்டே இருக்கும்.

“எழுபத்தொண்ணா! கொடுத்து வச்ச ஆளுய்யா நீர்.”

“ஐம்பத்தெட்டுதானா? என்னப்பா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?”

செவ்வாயில் மனிதர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முகத்துக்கு முன்னால் காலரைத்தான் பார்த்தார்கள்.

அந்த எண், ஒருவருடைய இரத்தத்தில் வைட்டமின் சி எவ்வளவு ஓடுகிறது என்பதைக் காட்டியது. பூமியில் இருந்தவரை யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஒரு நெல்லிக்காயைக் கடித்தால் அன்றைய பாடு முடிந்தது. செவ்வாயின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய இந்தக் குகையில், நெல்லிக்காய்க்கு எங்கே போவது? செயற்கை ஒளியில் கீரையும் தக்காளியும் கொய்யாவும் வளர்த்த ஒளித்தோட்டம் ஒன்று இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னால் ஒரு பூஞ்சை வந்து, ஒரே வாரத்தில் மொத்தத்தையும் கருக்கிவிட்டுப் போனது. மிஞ்சியது பருப்பும், அரிசியும், தொட்டியில் வளர்த்த புரதக்கட்டியும்தான். இவற்றில் வைட்டமின் சி மருந்துக்கும் கிடையாது. மாவில் கலந்து கொடுக்கலாம் என்றால் அடுப்புச் சூட்டில் அழிந்துவிடும்.

அப்போது அடுத்த சரக்குக் கப்பல் வரப் பதினான்கு மாதம் இருந்தது. ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நானூற்று இருபது புளிப்பு வில்லைகள். நாளுக்கு ஒன்று. எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க மாதம் ஒருமுறை குருதி நாள்.

எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் அந்த ஆளுக்கு ஓய்வு. அவர் வேலையை ஒரு பொறியன் எடுத்துக்கொள்ளும். பொறியன்கள் மிகவும் மரியாதையான இயந்திரங்கள். “ஓய்வெடுங்கள் ஐயா” என்று கைகூப்பித்தான் இருக்கையில் உட்காரும். ஆனால் உட்கார்ந்த இருக்கையை விட்டு எந்தப் பொறியனும் இதுவரை எழுந்ததில்லை. முதல் இரண்டு குருதி நாட்களில் ஒன்பது பேர் அப்படி வேலையிழந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவருடைய எண்ணும் ஐம்பதுக்குக் கீழே போகவில்லை. நெடுங்குகையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பூமியிலிருந்து பாராட்டுச் செய்தி வந்திருந்தது.

ஜெபசீலி துளைச் சுவருக்குப் பின்னால் வேலை பார்த்தாள். அவள்தான் நெடுங்குகையின் குருதியாய்வாளர். சுவர் எடுத்த இரத்தம் கறுப்புத் தாள் சுற்றிய குழாய்களில் அவள் பக்கம் வந்து விழும். வெளிச்சம் பட்டாலும், கொஞ்சம் சூடானாலும் வைட்டமின் சி சிதைந்து எண் குறைந்துவிடும். ஆகவே குழாய்களை உடனே பனிப்பெட்டியில் வைத்து, அமிலம் சேர்த்து, இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. ஒரு குழாயைக்கூட அவள் வீணாக்கியதில்லை.

அவளிடம் ஒரே ஒரு இரகசியம் இருந்தது. அன்று காலை ஐந்து மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வில்லையை மென்று விழுங்கியிருந்தாள். கடந்த முப்பது நாளில் அவள் சாப்பிட்ட ஒரே வில்லை அது.

கப்பல் தாமதமானால் என்ன செய்வது என்ற பயத்தில் ஆரம்பித்த பழக்கம். முதல் மாதம் ஒரு பரீட்சை போலத்தான் செய்து பார்த்தாள். வில்லைகளைத் தொடாமல் இருந்து, சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மட்டும் ஒன்று. எண் அறுபத்து நான்கு என்று வந்தது. காலையில் விழுங்கியது இரத்தத்தில் ஓடும்போது அப்படித்தான் காட்டும் என்பது அவள் படித்த பாடம். இருந்தும் அறுபத்து நான்கைப் பார்த்ததும் மனம் சமாதானமாகிவிட்டது. எண் நன்றாக இருக்கிறது, அப்படியானால் நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற விதியையும் மீறியதாக அவளுக்குத் தோன்றவில்லை. வில்லை சாப்பாட்டில் சேர்த்தியா என்ன?

*

குருதி நாள் முடிந்து ஒன்பதாம் நாள், பாறை துளைக்கும் துரப்பண வண்டி ஓட்டும் ருக்மாங்கதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவக்கூடத்துக்குள் வந்தான். காலரில் அறுபத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது.

“டாக்டர், சிரிக்கக் கூடாது. என் ஆபரேஷன் தையல் பிரிஞ்சு போச்சு.”

டாக்டர் தாவூத் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வலது பக்கம், இடுப்புக்கு மேலே நாலு விரல் நீளத்துக்குக் காயம் வாய் பிளந்து கிடந்தது. ஓரமெல்லாம் கறுத்த இரத்தம்.

“எங்கே பண்ணின ஆபரேஷன் இது? என்கிட்ட வரலையே.”

“பூமியில, டாக்டர். குடல்வால். பன்னிரண்டு வருஷம் ஆச்சு.”

பக்கத்தில் டாக்டருக்கு உதவியாகப் பஞ்சை நீட்டிக்கொண்டு நின்ற ஜெபசீலியின் கை அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆறிப்போன தழும்பு. அதை யாரோ நேற்றுத்தான் கத்தியால் கீறியதுபோல இருந்தது.

டாக்டர் தாவூத் நாற்பது வருட அனுபவக்காரர். ருக்மாங்கதனின் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறுகள் ஊதா நிறத்தில் வீங்கிப் பல்லை மூடியிருந்தன. விரலால் தொட்டதும் இரத்தம் கசிந்தது. அவர் ஜெபசீலியை ஓரமாக அழைத்தார்.

“படிக்கிற காலத்துல ஒரு படம் பார்த்திருக்கேன்மா. மாசக்கணக்கா கடல்ல கிடந்த கப்பல்காரங்களுக்கு வர்ற நோய். ஸ்கர்வி. பழைய தழும்பெல்லாம் பிரியும்னு போட்டிருந்தது.”

அவர் நோயறிவானிடம் திரும்பினார். மருத்துவக்கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் அந்த இயந்திரம்தான். அது சொல்லாத நோயை எழுத மருத்துவருக்கு உரிமை கிடையாது.

“ஸ்கர்வியா இருக்குமா?”

“நோயாளியின் வைட்டமின் சி அறுபத்தெட்டு,” என்றது நோயறிவான், வானிலை அறிக்கை வாசிக்கும் குரலில். “பதினொன்றுக்குக் கீழ் இறங்கினால் மட்டுமே ஸ்கர்வி. இவருக்கு வாய்ப்பில்லை.”

டாக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டார். “அறுபத்தெட்டு இருக்கிறவனுக்கு ஸ்கர்வின்னு சொன்னா என் டிகிரியைத்தான் பிடுங்குவாங்க.”

அடுத்த பத்து நாளில் பதினோரு பேர் வந்தார்கள். கால் முழுக்கக் கருநீலத் திட்டுகள். மூட்டுக்குள் இரத்தம் கோத்துக்கொண்டு நடக்க முடியாமை. ஒரு பெண்ணுக்குத் தலை வாரும்போது பல் ஒன்று தானாக விழுந்தது. அத்தனை பேரின் காலரிலும் அறுபது, எழுபது என்று பச்சை எண்கள் குளுமையாக எரிந்தன.

இருபதாம் நாள் சமையற்கூடத்துச் சற்குணம் இறந்துபோனார். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, பருப்பு கிளறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஜெபசீலிதான் உடலைத் துடைத்துவிட்டாள். கண்ணை மூடிவிட்டாள். காலர் மட்டும் அணையவில்லை. உயிர் போன உடலின் கழுத்தடியில் எழுபத்தொன்று பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அன்று பிற்பகல் நோயறிவான் தீர்ப்புச் சொன்னது. “அறியப்படாத செவ்வாய் நோய். தொற்றக்கூடும்.”

குகை அடங்கிப்போனது. கைகுலுக்குவதை நிறுத்தினார்கள். சாப்பாட்டு மேசைகளில் ஆளுக்கு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாராவது ஈறைத் துழாவினால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். குகைத் தலைவி அங்கயற்கண்ணி பொறியியல் படித்தவர். அழுகைக்கும் அலறலுக்கும் இளகுகிறவர் அல்லர். நோயாளிகள் அனைவரையும் மூன்று கிலோமீட்டர் தள்ளி, வெளியே காற்றடைத்து நிறுத்திய புறக்குடிலுக்கு அனுப்ப உத்தரவு போட்டார். கவனித்துக்கொள்ள இரண்டு பொறியன்கள். நோய் இன்னதென்று தெரியும்வரை யாரும் உள்ளே திரும்பக் கூடாது. நாற்பது நாளுக்கான காற்று இருந்தது. நாற்பத்தோராம் நாளைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள். பத்தொன்பதாவது பெயர் வேதமாணிக்கம். ஜெபசீலியின் கணவன்.

*

நாலு நாளாக அவன் பல் தேய்க்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினான். காலையில் படுக்கையை விட்டு எழ முயன்று விழுந்தபோதுதான் அவன் கால்களைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி கிளம்பும். இரண்டு மணிக்கு அவனுடைய பையில் துணிகளை அடுக்கினாள். மாற்றுச் சட்டை இரண்டு, போர்வை, அவன் அம்மா கொடுத்த சின்ன பைபிள். அடியில் கருவிப் பெட்டி இருந்தது.

“அதை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? அங்கே போய் என்ன ரிப்பேர் பார்க்கப் போறீங்க?”

“இருக்கட்டும் சீலி. அதை விடு.”

அவன் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். திருப்புளிகளுக்கு அடியில் ஒரு தகர டப்பா. தூக்கினால் கனமாக இருந்தது. குலுக்கினாள். சத்தமே வரவில்லை. குலுங்குவதற்கு இடம் இல்லாத அளவுக்கு உள்ளே நிறைந்திருந்தது.

“ஏங்க, இது என்ன?”

“வில்லைதான்.”

“அது தெரியுது. ஏன் இத்தனை இருக்கு? அஞ்சு மாசம் ஆச்சே!”

வேதமாணிக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “கப்பல் லேட்டாச்சுன்னா கடைசியில வில்லை இல்லாம நிக்கணும். எண் முப்பதுக்கு இறங்கும். பொறியன் வந்து கும்பிட்டுட்டு என் இடத்துல உக்காந்துக்கும். பிறகு நான் இந்தக் குகையில எதுக்கு? அதான் குருதி நாள் காலையில மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன். எண்தான் நல்லா வருதே. அறுபத்தாறு! நீயேதானே பார்க்கிற?”

ஜெபசீலி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்து தன்னையறியாமல் ஒரு சொல் விழுந்தது.

“நீங்களுமா?”

அவன் மெல்லத் திரும்பினான். “நீங்களுமான்னா?”

பன்னிரண்டடி அறை அது. ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவருக்கு முழிப்பு வந்துவிடும். தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால் அவளுடைய டப்பா. கருவிப் பெட்டிக்குள் அவனுடையது. இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஐந்து மாதமாக. சற்குணத்தின் அறையைக் காலி செய்த பெண், “நிறைய வில்லை விட்டுட்டுப் போயிருக்காரு பாவம்” என்று சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“கையை நீட்டுங்க,” என்றாள்.

*

அவனுடைய இரத்தக் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆய்வறைக்கு ஓடினாள். இயந்திரம் அதை வாங்கவில்லை. “இன்று குருதி நாள் அல்ல. மாதிரி ஏற்கப்படாது,” என்று வெளியே தள்ளியது. மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது.

கையால்தான் செய்தாக வேண்டும். படித்த காலத்தில் செய்த பழைய சோதனை ஒன்று இருந்தது. அமிலம் சேர்த்த இரத்தத்தைச் சின்னச் சுழலியில் சுற்றி, மேலே தெளியும் நீரை மட்டும் எடுத்து, அதில் ஒரு நீலச் சாயத்தை ஒரு சொட்டு விட வேண்டும். வைட்டமின் சி இருந்தால் நீலத்தைத் தின்றுவிடும். சாயம் நிறமற்றுப் போகும். இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும்.

சாயம் கெட்டிருக்குமோ என்று முதலில் ஒரு வில்லையைத் தண்ணீரில் கரைத்து அதில் விட்டுப் பார்த்தாள். நீலம் விழுந்த கணமே மறைந்தது. சாயம் சரிதான். அடுத்து வேதமாணிக்கத்தின் தெளிநீர். சொட்டு விழுந்தது. மேகம்போல விரிந்தது. நீலம் மாறவில்லை.

தன் கையில் ஊசியைக் குத்தி இரத்தம் எடுத்தாள். சுற்றினாள். சொட்டு விட்டாள்.

அதுவும் நீலம்.

நாக்கால் தன் ஈறைத் தடவினாள். கொஞ்ச நாளாகவே அங்கே ஓர் உப்புச் சுவை. பிரஷ் மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டு ஐம்பது.

*

வாயிற்கூடத்தில் வண்டி தயாராக நின்றது. இருபத்து மூன்று பேரும் காற்றடைத்த புறச்சட்டைக்குள் பொதிந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பொறியன்கள் வாரிக்கொள்வதுபோலக் கைகளை விரித்து அவர்களுக்குக் காவல் நின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குகையே திரண்டிருந்தது. சில பேர் அழுதார்கள், அதுவும் ஓசையில்லாமல்.

ஜெபசீலி தட்டில் குழாய்களையும் சுழலியையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி முன்னால் வந்தாள்.

“கதவைத் திறக்காதீங்கம்மா. இது தொத்து நோய் இல்ல. ஸ்கர்விதான்.”

“ஜெபசீலி,” என்றார் அங்கயற்கண்ணி பொறுமையாக. “உங்க வீட்டுக்காரரும் வண்டியில இருக்காரு. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அவர் எண் அறுபத்தாறு. பார்த்துச் சொன்னதே நீங்கதானே?”

“நான் பார்த்தது காலையில முழுங்கின வில்லையை. மனுஷனைப் பார்க்கல.” அறுநூறு பேரின் கண்களும் அவள் காலரில் எரிந்த அறுபத்து நான்கை மொய்த்தன. “அவர் மட்டும் இல்ல. நானும்தான். அஞ்சு மாசமா குருதி நாள் காலையில மட்டும் ஒரு வில்லை. மத்த நாள் எதுவும் இல்ல. இரத்தம் பார்க்கிற வேலையில இருந்துகிட்டே இந்தத் திருட்டுத்தனம் பண்ணியிருக்கேன். இதுதான் என் இரத்தம்.”

நீலக் குழாயை உயர்த்திக் காட்டினாள். மறு கையில் வில்லை கரைத்த நீர், பளிங்குபோல. வித்தியாசத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

ஒருவரும் அசையவில்லை. அவளைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அடிக்கக்கூட வருவார்கள் என்று நினைத்தாள். அங்கே இருந்த அமைதி வேறு மாதிரி இருந்தது. வகுப்பில் ஆசிரியர் “யார் செய்தது?” என்று கேட்டதும் வருமே, அந்த அமைதி.

முதலில் வந்தவர் டாக்டர் தாவூத். சட்டைக் கையை மடக்கி அவள் முன்னால் நீட்டினார். சுழலி சுற்றி நிற்கும் மூன்று நிமிடமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு விழுந்தது. நீலம்.

“டாக்டர்!” என்றாள் ஜெபசீலி.

“எனக்கும் வயசாச்சும்மா,” என்றார் அவர், யாருக்கும் கேட்காத குரலில். “எண் இறங்கினா என் நாற்காலியில பொறியன் உக்காந்துடும். நான் போய்ச் சாகவா?”

அதன்பின் கைகள் வந்துகொண்டே இருந்தன. சமையற்கூடத்துக்காரர்கள். காற்றுக்குழாய் பார்ப்பவர்கள். பள்ளி ஆசிரியை. நீலம், நீலம், நீலம். தட்டில் இடமில்லாமல் தரையில் வரிசையாகக் குழாய்களை வைத்தாள். கடைசியில் எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். அவர் காலரில் எழுபத்து நான்கு எரிந்தது. குகையிலேயே அதிகம்.

“இன்னைக்குக் குருதி நாள் இல்லையே,” என்றார் அங்கயற்கண்ணி. குரலில் பொறியியல் எதுவும் மிச்சமில்லை.

“அதனாலதான் கேட்கிறேம்மா,” என்றாள் ஜெபசீலி.

அவர் கையை நீட்டினார். அங்கே இருந்த நீலங்களிலேயே அடர்த்தியான நீலம் அவருடையதாக இருந்தது.

*

வண்டி கிளம்பவில்லை. வீட்டுக்கு வீடு டப்பாக்கள் வெளியே வந்தன. தலையணைக்குள்ளிருந்து, காற்றுச் சல்லடைக்குப் பின்னாலிருந்து, பொம்மையின் வயிற்றுக்குள்ளிருந்து. மைய வழியில் கொட்டியபோது இடுப்பு உயரத்துக்குக் குவிந்தன. இரண்டரை லட்சம் வில்லைக்குப் பக்கம். கப்பல் நாலு மாதம் தாமதமானாலும் எல்லோரையும் காப்பாற்றக்கூடிய மருந்து. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அறுநூற்றுப் பதினோரு பேர் இரத்தம் கசிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் செத்தே போயிருந்தார். ஜெபசீலி குவியலின் முன்னால் நின்றாள். புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. சற்குணத்தின் நினைவு வந்து, அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

நாளுக்கு மூன்று வில்லை என்று டாக்டர் கொடுத்தார். இரண்டே நாளில் கால் வலி விட்டது. வேதமாணிக்கம் மூன்றாம் நாள் எழுந்து நடந்தான். ருக்மாங்கதனின் காயம் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டது. மிச்ச வில்லைகளைப் பழையபடி ஆளுக்கொரு டப்பாவாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த நீலச் சோதனைகளை மட்டும் யாரும் நோயறிவானில் பதியவில்லை. பதிந்திருந்தால் விதிப்படி அறுநூற்றுப் பதினோரு பேருக்கும் ஓய்வு கிடைத்திருக்கும். நெடுங்குகையை, தலைவி நாற்காலி உட்பட, பொறியன்கள் கைகூப்பி ஏற்றுக்கொண்டிருக்கும். ஜெபசீலி கொடுத்த ராஜினாமாவையும் அங்கயற்கண்ணி கிழித்துப் போட்டுவிட்டார். “உங்களை அனுப்பினா யாரை வச்சுக்கிறது?”

ஆனால் விதி ஒன்று மாறியது. இனித் தெளிநீரைச் சோதிப்பதில்லை. வெள்ளணுச் சோதனைதான். காலையில் விழுங்கியது தெளிநீரில் உடனே தெரிந்துவிடும். வெள்ளணுக்களுக்குள் அது ஏறி நிறைய வாரங்கள் பிடிக்கும். உடம்பில் உண்மையாகச் சேர்ந்திருப்பதை மட்டுமே அது காட்டும். அதை ஏமாற்ற வழியில்லை என்று அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“எங்க வாப்பாவுக்குச் சர்க்கரை உண்டு,” என்றார் டாக்டர் தாவூத், அறிவிப்பைப் படித்துவிட்டு. “டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி இனிப்பை நிறுத்துவார். காலையில நாலு மைல் நடப்பார். ரிப்போர்ட்ல நார்மல்னு வந்ததும் நேரா அல்வா கடைக்குப் போவார். டாக்டரை ஜெயிச்சுட்டேன்னு அவ்வளவு சந்தோஷம்.”

“பிறகு?”

“கால் ஒண்ணை எடுத்தாங்க. ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருந்தது.”

மறுநாள் ருக்மாங்கதன் ஆய்வறைக் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தான். உள்ளே வந்து, வழியில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்தினான்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தப் புது டெஸ்டுக்கு... எத்தனை நாள் முன்னாடியிலிருந்து போடணும்?”

ஜெபசீலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். சாவின் விளிம்பு வரை போய்வந்தவன். வயிற்றில் பன்னிரண்டு வருடத் தையல் இரண்டாம் முறை ஆறி இன்னும் சிவப்பாக இருக்கிறது. கத்தலாமா என்று யோசித்தாள். கத்தி என்ன ஆகப்போகிறது?

குரலைத் தாழ்த்தினாள்.

“தினம் ஒண்ணு போட்டா இயந்திரத்தால கண்டுபிடிக்க முடியாது.”

அவன் கண்கள் விரிந்தன. “தினமுமா?”

“ஒரு நாள்கூட விடக்கூடாது. காலையில, சாப்பாட்டுக்கு அப்புறம். நான் சொன்னேன்னு வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

“தாயே, உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்,” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே பதுங்கிப் பதுங்கிப் போனான்.

அடுத்த வாரம் காற்றுக்குழாய்க்காரர் ஒருவர் தன் அடுத்த வீட்டுக்காரரிடம் கிசுகிசுப்பதை அவளே கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்கள் தட்டுக்கு மேல் குனிந்து, இருமுவதுபோலக் கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். பள்ளியில் ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எதையோ மென்றார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளுக்கு ஒரு வில்லை சாப்பிடுங்கள் என்று ஐந்து மாதம் ஒலிபெருக்கியில் சொல்லி நடக்காதது, பத்தே நாளில் குகை முழுக்க நடந்தது.

மூன்று மாதம் கழித்து முதல் வெள்ளணுச் சோதனை. ஒருவர்கூடக் குறையவில்லை. ஜெபசீலி நம்பாமல் நூறு மாதிரிகளைக் கையாலும் சோதித்தாள். உண்மைதான். அத்தனை பேரும் உள்ளும் புறமும் நலமாக இருந்தார்கள். தலைவி ஒலிபெருக்கியில் பேசினார். துன்பம் நம்மைத் திருத்திவிட்டது என்றார். இனி நெடுங்குகையில் பொய்க்கு இடமில்லை என்றார். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

பேசி முடித்த அங்கயற்கண்ணி நேராக ஆய்வறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். ஜெபசீலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முகத்தில் குற்ற உணர்வும், அதையும் மீறி ஒரு வெற்றிக்களிப்பும்.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன் ஜெபசீலி. மனசு கேட்கல. மத்தவங்க எல்லாரும் நேர்மையா ஜெயிச்சிருக்காங்க. நான் மட்டும்தான் இந்தத் தடவையும் ஏமாத்திட்டேன்.”

“என்னம்மா பண்ணினீங்க?”

தலைவி அவள் காதருகே குனிந்தார்.

“யாருக்கும் தெரியாம தினம் ஒண்ணு போட்டுக்கிட்டேன். வெளியே சொல்லிடாதீங்க.”

ஜெபசீலி, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாள்.